இரண்டாம் தொகுதியில் ஒன்றுதான்

தரம் 9 இன் மூன்றாம் தவணை முடியும் நேரம் மகள் பாடத் தெரிவுப் படிவத்தைக் கொண்டுவந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள்.

இலங்கையில் தரம் 11 முடிவில் எழுதும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு 9 பாடங்கள். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய 6 பாடங்களும் கட்டாயம். மற்ற மூன்றுதான் பிள்ளையின் விருப்பம், அதிலும் விருப்பப் பாடங்களை மூன்று தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிக்கு ஒன்று என்பது விதி. முதல் தொகுதியில் அவள் புவியியலைத் தெரிந்துகொண்டாள். மூன்றாவதில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல். இவ்விரண்டுக்கும் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டாம் தொகுதிக்கு ஒரு கிழமை போனது. அவளுக்கு 'நாடகமும் அரங்கியலும்' என்ற பாடமும் வேண்டும், தமிழ் இலக்கிய நயமும் வேண்டும். இரண்டும் ஒரே தொகுதியில் இருக்கின்றன. "இரண்டையும் எடுக்க முடியாதா அம்மா?" என்று மூன்று முறை கேட்டாள். முடியாது என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை. கவிதையையும் நாடகத்தையும் ஒன்றாக நேசிக்கும் பிள்ளைதானே இயல்பு! அந்தப் பிள்ளையிடமே ஒன்றை விட்டுவிடு என்கிறது இந்த ஏற்பாடு.

உறவினர்களைக் கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்: "எதில் ஏ (அதிஉயர் சித்தி) வரும்?" ஒரு நாள் நானும் அப்படியே பேசினேன். இலக்கிய நயத்தில் எழுத நிறைய இருக்கிறது, அதே தொகுதியில் உள்ள சித்திரத்தை எடு என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து போனாள். அன்றிரவு ஆறுதலாக யோசித்தேன். அடுத்த கட்டமான உயர்தரத்துக்குப் போக, தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடங்களில் சித்தி, அவற்றில் மூன்றில் திறமைச் சித்தி (சி) இருந்தால் போதும். பல்கலைக்கழக இடத்துக்கு முக்கியமாகப் பார்ப்பது உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை, அதாவது பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணக்கிடும் புள்ளியை. அப்படியிருக்க, பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கும் பாடத்தை 9 ஏ கணக்குக்காக ஏன் பறிக்க வேண்டும்? மறுநாள் காலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு பாடசாலைக்குப் போனேன். இதைப் படிக்கும் பெற்றோருக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: படிவத்தில் பாடத்தின் பெயர் இருப்பதால் அதைக் கற்பிக்க ஆசிரியர் இருக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். நாடக ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய் மாதங்கள் ஆகிவிட்டன, பதிலாக எவரும் வரவில்லை. வகுப்பாசிரியர் அதை மறைக்காமல் சொன்னார். செயன்முறைப் பரீட்சையும் உள்ள பாடம் அது. தனியே படித்து ஒப்பேற்ற முடியாது. இலக்கிய நயத்துக்கோ, செய்யுளை வாய்விட்டு இசையோடு படித்துக் காட்டும் ஓர் ஆசிரியை இருந்தார். மகளை அவரிடம் கூட்டிச் சென்றேன். அரை மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

படிவத்தில் இலக்கிய நயம் என்று அவளே எழுதினாள். எழுதிவிட்டுக் கொஞ்சம் அழுதாள். அந்த ஆசிரியைதான் தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் பழக்குகிறவர் என்பது தரம் 10 தொடங்கிய பிறகே எங்களுக்குத் தெரிந்தது. இப்போது செவ்வாய்க்கிழமைகளில் மகள் பிந்தித்தான் வீட்டுக்கு வருகிறாள்.