கூடுதல் பொறுப்பில் ஓடும் துணை சுகாதார நிலையங்கள்

கடலூர் மாவட்டத்தில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆளில்லை என்று யாராவது சலித்துக்கொண்டால், எத்தனை இடம் காலி என்பதைவிட, யாருக்கெல்லாம் கூடுதல் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் விசாரிப்பேன். ஒரு துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியர் ஓய்வு பெற்றோ மாறுதலாகியோ போய்விட்டால், பக்கத்து நிலையத்துச் செவிலியரிடம் அந்தப் பகுதியும் ஒப்படைக்கப்படுகிறது. அதன் பிறகும் அறிக்கைகள் தேதி தவறாமல் மேலே போகின்றன, கர்ப்பிணிகள் பதிவாகிறார்கள், புதன்கிழமைத் தடுப்பூசியும் எப்படியோ நடந்துவிடுகிறது. எதுவும் நின்றுபோகாததால் அந்த இடத்தை நிரப்பும் அவசரம் யாருக்கும் வருவதில்லை. பற்றாக்குறை ஆண்டுக்கணக்கில் நீடிப்பதற்கு இந்த ஏற்பாடே பெரிய காரணம் என்பது என் கருத்து.

சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது வரையறை. பிற மாநிலங்களில் சுமார் 1,000 பேருக்கு ஓர் ஆஷா பணியாளர் வீடு வீடாகப் போகிறார். தமிழ்நாட்டிலோ ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் மலைப்பகுதிகளிலும் எளிதில் சென்றடைய முடியாத ஊர்களிலுமே இருப்பதால், குறிஞ்சிப்பாடி, பரங்கிப்பேட்டைப் பக்கங்களில் அந்த நடையும் செவிலியரின் தலையில்தான். இரண்டு பகுதிகளைச் சுமப்பவர் எதை விடுவார்? கணினியில் ஏற்ற வேண்டியதை விட மாட்டார். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கிடைக்கும் ஆர்சிஎச் எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் சிக்கலாகும், மகப்பேறு நிதியுதவியும் தடைபடும். விடுபடுவது வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதுதான். பிரசவமாகி வீடு திரும்பியவளுக்கு உதிரப்போக்கு எப்படி இருக்கிறது, குழந்தை சரியாகப் பால் குடிக்கிறதா, இரத்தசோகையால் வளரிளம் பெண்ணின் கீழிமை உட்புறம் வெளுத்திருக்கிறதா என்பதெல்லாம் வாசல்படி ஏறினால்தான் தெரியும்.

ஆய்வாளர் வேலையிலும் இதே கதைதான். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலந்த பிறகு, தெருவின் கடைக்கோடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, சோதனைக் கரைசலைச் சில சொட்டு விட்டு, மஞ்சள் நிறம் எந்த அளவுக்கு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது அங்கே மிஞ்சியிருக்க வேண்டும். மூன்று நான்கு பகுதிகளைச் சேர்த்துப் பார்க்கிறவருக்குத் தொட்டியடிக் குழாயோடு பொழுது முடிந்துவிடும். அங்கே நிறம் எப்போதும் நன்றாகத்தான் வரும்! டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும் என்பதால்தான் வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுத் தொட்டியையும் பார்க்கச் சொல்கிறார்கள். ஆள் குறைந்து அது இரண்டு வாரமாக நீண்டால், இடையில் ஒரு தலைமுறைக் கொசு வெளியேறிவிடும்.

சில இடங்களில் காலியிடமே இல்லாதபோதும் ஆள் போதாது. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று செவிலியர் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் 168 மணி நேரம். ஆளுக்கு 48 மணி நேரம் என்றால் மூவருக்கும் சேர்த்து 144. மீதி 24 மணி நேரத்தை யாரோ ஒருவர் தம் வார விடுப்பை இழந்துதான் ஈடுகட்டுகிறார். இதில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

ஓர் ஊரின் ஊழியரை வேறோர் ஊரில் வேலை பார்க்க அனுப்பும் மாற்றுப்பணியும் பற்றாக்குறையை மறைக்கும் இன்னொரு ஏற்பாடுதான். ஆனால் அதைக் குறை சொல்லும்போது 2004 சுனாமியையும் சொல்லியாக வேண்டும். அன்று வெளிமாவட்டங்களிலிருந்து வந்த குழுக்கள் இல்லாவிட்டால் தேவனாம்பட்டினம் போன்ற மீனவக் குப்பங்களில் தடுப்பூசியும் குளோரினும் அந்த வேகத்தில் போய்ச் சேர்ந்திருக்காது. பேரிடருக்கு அது சரி. சாதாரண நாட்களில், சம்பளப் பட்டியலில் ஓர் ஊரிலும் வேலையில் வேறோர் ஊரிலும் ஆட்களை வைத்திருப்பதுதான் தவறு. ஒப்பந்த நியமனமும் நிரந்தரத் தீர்வாகாது. கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31 அன்று முடிவுக்குக் கொண்டுவரப்பட்டபோது, அதுவரை பழகியிருந்த கைகளும் அவர்களோடு போயின.

ஒவ்வொரு துணை நிலையத்தின் வாசலிலும் அங்கே நிரந்தரமாகப் பணியில் இருப்பவர் யார், பொறுப்பில் இருப்பவர் யார், எந்தத் தேதியிலிருந்து என்று எழுதி வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எங்கள் ஊராட்சி சார்பில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரும்படி மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.