செடி தளதளன்னு இருக்கு, வாசனை எங்க போச்சு?

தொட்டியில புதினா, பேசில், தைம் மாதிரி வாசனைச் செடி வளர்க்குறவங்க நிறைய பேர் கேக்குற கேள்வி இது: "செடி செழிப்பா இருக்கு, ஆனா இலையில வாசனையே இல்லையே, என்ன உரம் போடலாம்?" பெரும்பாலும் பதில், கொஞ்ச நாளைக்கு எதுவுமே போடாதீங்க அப்படிங்கறதுதான்.

ஏன்னு புரியணும்னா ஒரு புதினா இலையைப் பறிச்சு, திருப்பிப் போட்டு, ஒரு லென்ஸ் வச்சுப் பாருங்க. அடிப்பக்கம் பூரா குட்டிக் குட்டியா மினுக்குற புள்ளி தெரியும், அதெல்லாம் எண்ணெய்ப் பைங்க. நாம இலையைக் கசக்கும்போது அது உடைஞ்சு உள்ள இருக்குற வாசனைப் பொருள் வெளிய வருது, புதினாவோட வகையைப் பொறுத்து கார்வோன் இல்லன்னா மென்தால், பேசில்ல லினலூல், யூஜெனால், தைம்ல தைமால், ஆக வாசனைங்கறது இலையோட சைஸ்ல இல்ல, இந்தப் பைகள்ல எவ்ளோ எண்ணெய் சேருதுங்கறதுலதான் இருக்கு. யூரியா மாதிரி 46% நைட்ரஜன் இருக்குற உரத்தை அள்ளிப் போட்டா செடி தன்னோட சக்தி மொத்தத்தையும் புது இலை, தண்டுன்னு வளர்றதுலயே செலவு பண்ணிடும், இலை பெருசா, தண்ணி கோத்து மெத்துனு ஆயிடும், எண்ணெய் அதுக்கு ஈடு குடுக்காது. சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சி வேற இந்த மாதிரி இளசான இலையைத்தான் தேடி வரும்.

அதுக்காக எல்லா செடியையும் பட்டினி போடக்கூடாது. தைம், ரோஸ்மேரி, ஓரிகனோ எல்லாம் மத்தியதரைக்கடல் பக்கத்து கல்லும் சுண்ணாம்புமான மண்ணுல வளர்ந்த ஜாதி, அதுங்களுக்கு நல்ல வெயிலும் தண்ணி தேங்காத மண்ணும் போதும், வருஷத்துக்கு ஒரு தடவை மேல ஒரு கைப்பிடி கம்போஸ்ட் தூவினாலே தாராளம். ஆனா பேசில், புதினா, கொத்தமல்லி அப்படி இல்ல. அடிக்கடி வெட்டிட்டே இருக்கோம், போதாததுக்கு தொட்டிக்கு ஊத்துற தண்ணியோட சத்தும் அடியில வடிஞ்சு போயிடுது. கீழ இருக்குற வயசான இலை முதல்ல மஞ்சளானா நைட்ரஜன் பத்தலன்னு அர்த்தம், அந்த நிலைமையில செடி குட்டையா நின்னுடும், வாசனை இருந்தாலும் வெட்ட இலை இருக்காது. மேல இருக்குற புது இலை மட்டும் நரம்பு பச்சையா நடுவுல மஞ்சளானா அது பெரும்பாலும் இரும்புச்சத்து விஷயம், அதுக்கு யூரியா போட்டு பிரயோஜனம் இல்ல.

எனக்குப் பிடிச்சது மண்புழு உரம்தான், அதுல நைட்ரஜன் சுமார் ஒண்ணு ரெண்டு சதவீதம்தான் இருக்கும், மெதுவா விடும், அந்த மெதுவுதான் இந்தச் செடிகளுக்கு வேணும். 19:19:19 (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் மூணும் சம அளவு) மாதிரி தண்ணியில கரையுற உரம்தான் கைல இருக்குன்னா பாக்கெட்ல போட்டிருக்குறதுல பாதி அளவு போதும், மண்ணு காஞ்சு கிடக்கும்போது ஊத்தவே ஊத்தாதீங்க, வேர் கருகிடும். மண்ணு மேல வெள்ளையா உப்பு படிஞ்சு இலை நுனி பழுப்பாகுதுன்னா உரத்தை நிறுத்திட்டு, அடி ஓட்டை வழியா நல்லா வடியுற அளவுக்கு வெறும் தண்ணி ஊத்துங்க.

வெங்காயத்தாள், பூண்டுத்தாள் கதையே வேற, அதுங்களோட காரமும் நெடியும் கந்தகத்துல இருந்து வருது, மண்ணுல கந்தகம் கம்மியானா சப்புன்னு ஆயிடும்.

இன்னொண்ணு, உரத்தை சரி பண்ணிட்டு செடியை நிழல்லயே வச்சிருந்தா ஒண்ணும் மாறாது. வெயிலுக்கு நகர்த்துங்க, பேசில்ல மொட்டு எட்டிப் பாக்குறதுக்கு முன்னாடியே நுனியைக் கிள்ளி எடுத்துடுங்க, அடுத்து வர்ற இலையைக் கசக்கி மோந்து பாத்துட்டு அப்புறமா உரப் பையைத் திறக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணுங்க.