வைகை முடியும் இடம்

ஊர்ப் பெயரே ஆற்றங்கரை. ஆனால் ஆறு எங்கே என்று கேட்டுக் கேட்டுத்தான் போய்ச் சேர்ந்தேன்.

வருசநாட்டு மலையில் புறப்படும் வைகை, 258 கிலோமீட்டர் ஓடி இங்கேதான் பாக் விரிகுடாவில் விழ வேண்டும். வழியில் அணை, கால்வாய், ஊருக்கு ஊர் கண்மாய். மிஞ்சி வருவதை ராமநாதபுரம் பெரிய கண்மாய் வாங்கிக்கொள்ளும். அதுவும் நிரம்பி வழிந்தால்தான் கடலுக்கு. நான் போனது ஆவணி மாதம். முகத்துவாரத்தில் நின்ற தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். சுத்த உப்பு. ஆற்றுக்குள் கடல் ஏறி நிற்கிறது. பக்கத்து அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானியக் காசுகள் கிடைத்தன. இந்த ஆற்றை நம்பித்தான் அங்கே கப்பல் வந்திருக்கிறது!

வத்தைப் படகின் நிழலில் ஒரு பெரியவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஆற்று வெள்ளம் இங்கே வருமா என்று கேட்டேன்.

"வரும் தம்பி, எப்பவாச்சும். செங்காவியா வந்து மணல்மேட்ட உடைக்கும். அதுக்கப்புறம் எறாலுக்குப் பஞ்சமில்ல."

இறால் குஞ்சு வளர்வதற்கு உப்பும் நன்னீரும் கலந்த கழிமுகம் வேண்டும். இது தெரியாமல், 'தண்ணீர் கடலில் வீணாகிறது' என்று நானே எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். யாருக்கு வீண்?

அமெரிக்காவின் கிளாமத் ஆற்றைப் பற்றி அவரிடம் சொன்னேன். அதன் முகத்துவாரத்தில் யூரோக் என்ற பூர்வகுடிகள் சால்மன் மீனை நம்பி வாழ்கிறார்கள். 2002இல் ஆற்றில் நீர் குறைந்து பல்லாயிரம் மீன்கள் செத்து மிதந்தன. அவர்களும் கரூக் போன்ற மற்றக் குடிகளும் ஆண்டுக்கணக்கில் போராடி, 2024க்குள் நான்கு அணைகளை அகற்ற வைத்தார்கள். அவை மின்சாரத்துக்கான அணைகள். வைகை அணையை அப்படி இடிக்கச் சொல்ல முடியாது, மதுரை தாங்காது. ஆனால் பங்கு பிரிக்கும்போது கடைமடைக்கும் அப்பால் ஓர் ஊர் இருப்பது ஞாபகம் வர வேண்டாமா?

பெரியவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மீனு திரும்ப வந்துச்சா?"

"வேலை முடிஞ்ச சில நாள்லயே, ஐயா. அணைக்கு மேல வரைக்கும் ஏறிப் போச்சு."

"ம்" என்று மறுபடி ஊசியை எடுத்தார்.

திரும்பும் வழியில் டீக்கடையில் தண்ணீர் கேட்டேன். குடத்தைச் சாய்த்தபடியே கடைக்காரர் சொன்னார்: "தைரியமா குடிங்க சார், காவிரித் தண்ணி."