மவாஷி கெரி: திரும்பவேண்டியது நிற்கும் கால்

கராத்தே பழகத் தொடங்கிய முதல் ஆண்டில், மவாஷி கெரி எனப்படும் வட்ட உதையை எவ்வளவு உயரத்துக்கு வீச முடிகிறது என்பதையே என் முன்னேற்றத்தின் அளவுகோலாக வைத்திருந்தேன். போட்டி விதிகளின்படி குத்துக்கு 1 புள்ளியும், உடலில் விழும் உதைக்கு 2 புள்ளிகளும், தலைக்கு எட்டும் உதைக்கு 3 புள்ளிகளும் கிடைக்கும் என்பதால், அந்த ஆசை வகுப்பில் எல்லோருக்கும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் சீமெந்துத் தரையில் பழகினோம். வலது காலால் உதைத்துப் பழகிய மாலைகளில் எனக்கு இடது முழங்காலின் உட்புறம் நொந்தது. உதைத்த கால் சுகமாக இருக்க, ஊன்றி நின்ற கால் ஏன் நோகவேண்டும் என்று விளங்கவில்லை.

மாஸ்டரிடம் சொன்னபோது, ஒருமுறை உதைத்துக் காட்டச் சொன்னார். பிறகு, "தம்பி, உதைக்கிற காலை விடும். நிற்கிற காலைப் பாரும்" என்றார். என் இடது பாதம் முன்னோக்கியபடியே தரையில் ஒட்டிக்கொண்டிருக்க, இடுப்பு மட்டும் சுழன்றிருந்தது. முழங்கால், மடங்கி நிமிர்வதற்கென அமைந்த மூட்டு. முறுக்கைத் தாங்கும் வலு அதற்குக் குறைவு. பாதம் திரும்பாதபோது இடுப்பின் சுழற்சி முழுவதும் அந்த மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பிலும் தசைநார்களிலும் போய் விழுகிறது. குதிக்கால் இலக்கை நோக்கும் அளவுக்குப் பாதம் சுழன்றாலோ, முழங்காலும் இடுப்பும் ஒரே திசையில் சேர்ந்து திரும்புகின்றன. இடுப்பு மூட்டும் இடம்கொடுப்பதால், நான் வலிந்து தேடிய உயரம் தானாகவே வருகிறது.

அதன்பின் பல வாரங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகவே உதைத்தேன். முழங்காலை மடித்து உயர்த்தி, ஊன்றிய பாதத்தைத் திருப்பி இடுப்பைப் புரட்டி, அதற்குப் பிறகே கீழ்க்காலை நீட்டவேண்டும். நீட்டிய காலை அதே வழியில் மடித்து மீட்பதை ஹிக்கியாஷி என்பார்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மீளாமல் விழும் காலை எதிராளி எளிதாகப் பிடித்துவிடலாம். பிடிக்காவிட்டாலும், நிலைகுலைந்து இறங்கும் உடலுக்கு அடுத்த அடி வராது. முன்பாதத்தால் அடிப்பதென்றால் கால்விரல்களை மேல்நோக்கி வளைத்துக்கொள்ளவேண்டும் என்பதையும் அப்போதே பழக்கினார். விரல் நுனி பட்டால் முறிந்துவிடும்.

வீட்டில் எனக்கு உதவியது எங்கள் முற்றத்து மணல். அம்மா விடியற்காலையில் கூட்டிவிட்டுப் போன பின், வெறுங்காலுடன் அங்கே நின்று பத்து உதைகள் உதைப்பேன். முன்பாதத்தில் சுழன்றிருந்தால் மணலில் சிறிய வட்டக் குழி விழும். குதிக்கால் ஊன்றியே இருந்திருந்தால் முழுப் பாதமும் அழுத்தமாகப் பதிந்திருக்கும். சீமெந்துத் தரை இதை ஒருநாளும் எனக்குக் காட்டியதில்லை. சிறுபிள்ளைகளுக்கு வட்ட உதையை முதலில் மணலிலேயே பழக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வளரும் முழங்கால்களை வழுக்காத தரையில் முறுக்கவிடக்கூடாது.

இடது முழங்காலின் நோவு இப்போது இல்லை. இடது காலால் உதைக்கும்போது மட்டும், ஊன்றிய வலது பாதத்தின் தடம் சில காலைகளில் முழுதாகவே விழுகிறது. அந்தப் பக்கத்துக்காக மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டு பழகுகிறேன்.