ஓட்டின் கனம்

எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு விதைத் தோட்டம். ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டாலும் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். 1917இல் இந்நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை நட்ட தோட்டமும் எங்கள் வட்டாரத்தில்தான் இருக்கிறது. அதன் பெயர் தென்னமரம்! செம்பனைக்குப் பேர்போன தோட்டத்துக்கு இப்படி ஒரு பெயர் வாய்த்ததை நினைத்து இன்றும் சிரிப்பேன்.

சரி, பழத்துக்கு வருகிறேன். கத்தி ‘டக்’கென்று நின்றால் அது டூரா வகை. சதைக்குள்ளே தடித்த ஓடு. ஓடே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் பிசிபெரா. இரண்டுக்கும் பிறப்பது தெனெரா: மெல்லிய ஓடு, அதைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகளாக ஒரு நார் வளையம். ஓடு மெலிந்த அளவுக்குச் சதை கூடும், சதை கூடினால் எண்ணெய் கூடும். இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு மரபணு. காங்கோவில் வேலை செய்த பெல்ஜிய ஆய்வாளர்கள் 1941இலேயே இதை எழுதி வைத்துவிட்டார்கள்.

அதனால்தான் சிறுதோட்டக்காரர்கள் தெனெரா மரத்தடியில் முளைத்த கன்றைப் பிடுங்கி நட்டால் வயிற்றெரிச்சலாக இருக்கும். தெனெராவும் தெனெராவும் கலந்தால் பிள்ளைகளில் பாதிதான் தெனெரா. கால்வாசி டூராவுக்குத் திரும்பிவிடும். மீதிக் கால்வாசி பிசிபெரா. அதில் பெரும்பாலும் குலையே தங்காது.

இரண்டாம் வருஷம் என்னைப் பை கட்டும் வேலைக்கு மாற்றினார்கள். டூரா தாய்மரத்தில் பெண்பூ விரியும் முன்பே பையால் மூடிக் கட்டி, நாள் பார்த்து பிசிபெரா மகரந்தத்தை உள்ளே ஊத வேண்டும். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். தோட்டங்களில் ஆள் வைத்து மகரந்தம் தூவும் வேலை அதோடு போயிற்று. எங்களுக்கோ அந்த வண்டுதான் எதிரி. ஊசி நுழையும் ஓட்டை போதும், பக்கத்து டூராவின் மகரந்தத்தை உடம்பில் அப்பிக்கொண்டு உள்ளே போய்விடும்.

ஒரு மழை நாளில் நான் கட்டிய பையில் அப்படி ஒரு ஓட்டை இருந்திருக்கிறது. அது தெரிய ஐந்து வருஷம் ஆனது. குலை பழுத்து, விதை முளைத்து, நர்சரியில் ஒரு வருஷம் இருந்து, நிலத்துக்குப் போய்க் காய்க்கும் வரை யாருக்குத் தெரியும்? கன்று வாங்கிய ஒருவர் பிளாஸ்டிக் பையில் பழங்களோடு ஆபீசுக்கு வந்தார். நான்தான் வெட்டினேன். ‘டக்’. அடுத்த பழம், ‘டக்’. பதிவேட்டில் நம்பரைத் தேடிக்கொண்டு போனால் என் கையெழுத்து. அவர் சத்தம்கூடப் போடவில்லை. “மூணு வருஷம் உரம் போட்டேன் தம்பி” என்றார், அவ்வளவுதான்.

அந்த ஓட்டு மரபணு எது என்று 2013இல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்த பிறகு, நர்சரியிலேயே இலையில் ஒரு துண்டை எடுத்துச் சோதித்துவிடலாம் என்றாகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் தாமதமாக வந்த உதவி.

அதற்கு அப்புறம்தான் தாய்மரங்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நாங்கள் பை கட்டும் டூராக்கள் எல்லாம், 1848இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நட்ட நான்கு மரங்களின் வம்சம். ஒரு மரத்தில் ஒரு மரபணுவுக்கு இரண்டு வடிவத்துக்கு மேல் இருக்க வழியில்லை. நான்கு மரத்தில் அதிகம் போனால் எட்டு. ஆப்பிரிக்கக் காட்டில் எத்தனை வகை இருந்ததோ, கப்பலேறியது அவ்வளவுதான். அந்த எட்டிலும் நல்ல குலை, நல்ல குலை என்று பொறுக்கிப் பொறுக்கி நாமே குறைத்துவிட்டோம். ஒவ்வொரு விதையிலும் சீட்டு புதிதாகக் கலைக்கப்படுவது உண்மைதான்; ஆனால் சீட்டுக்கட்டுக்குள் இல்லாத சீட்டு கைக்கு வராதே. திடீர் மாற்றத்தால் புதுச் சீட்டு பிறக்கும், ஆனால் அதற்குக் காத்திருந்தால் தலைமுறைகள் போகும். மற்றபடி வெளியிலிருந்துதான் வர வேண்டும். 1973இல் நம் ஆய்வாளர்கள் நைஜீரியாவுக்கே போய்க் காட்டுமரங்களின் விதைகளைச் சேகரித்து வந்தது அதற்குத்தான். அவற்றை இங்கே ஜொகூரின் குளுவாங்கில் வளர்த்தார்கள். உயரம் குறைந்த மரங்களும் அந்தச் சேகரிப்பில் கிடைத்தன. நீளக் கம்பில் அரிவாள் கட்டி, கழுத்து வலிக்கக் குலை வெட்டும் அண்ணன்மாரிடம் சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

இப்போது நர்சரியில் கழிவுக் கன்று பொறுக்குவதை மேற்பார்க்கிறேன். வளைந்தது, குட்டை, இலை பிரியாதது எல்லாம் குப்பைக்கு. ஒரே குலையில் பிறந்து, ஒரே மண்ணும் உரமும் வாங்கிய இரண்டு கன்றுகள். ஒன்று இடுப்புக்கு நிற்கிறது, மற்றது முழங்காலைத் தாண்டவில்லை. வேரில் கோளாறா, வம்சத்திலேயே அப்படியா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. போன வாரம் அப்படி ஒரு குட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். முப்பது வருஷம் நர்சரியில் இருக்கும் அக்கா பார்த்துவிட்டார்.

“என்ன தம்பி, வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கப் போறீங்களா? பதினோரு மணிக்கு லோரி வந்துரும், போடுங்க.”