கடைசி செமஸ்டருக்குக் காசு எங்கே? ரிசல்ட் நாட்களின் குறிப்புகள்

2025 ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்று ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்துவிட்டது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி கையில் இருக்கிறது. ஒவ்வொரு பாடநெறிக்கும் எந்தப் புள்ளி வரை எடுப்பார்கள் என்ற வெட்டுப்புள்ளி வர மாதக்கணக்காகும். யாழ்ப்பாணத்து வீடுகளில் காசு வீணாகப் போவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். தனியார் நிறுவனங்கள் உடனே ஆள் சேர்க்கத் தொடங்கும். இந்த மாதத்துக்குள் கட்டினால் கழிவு என்பார்கள். பிள்ளை சும்மா இருக்குதே என்ற பதற்றத்தில் பதிவுக் கட்டணத்தையும் முதல் தவணையையும் கொண்டுபோய்க் கட்டுவார்கள். பிறகு அரச பல்கலைக்கழகம், பேராதனையோ யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியோ கிடைத்தால் பதிவுக் கட்டணம் திரும்பாது. தவணையும் பல இடங்களில் திரும்பாது.

கட்ட முன்னம் மின்னஞ்சலில் கேளுங்கள்: அரச பல்கலைக்கழகம் கிடைத்து விலகினால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளுக்குள்? வாயால் சொல்வதை நம்பிக் காசு கட்ட வேண்டாம். எழுத்தில் பதில் தராத இடம் உங்களுக்கு வேண்டாத இடம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கட்டண விபரத் தாளை மேலிருந்து கீழே வாசிப்பதை விட, கீழிருந்து மேலே வாசிப்பது நல்லது. மேலே பெரிய எழுத்தில் இருப்பது முதல் செமஸ்டர் கட்டணம். அடியில் சின்ன எழுத்தில் மற்றவை: பட்டம் தரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கான பதிவுக் கட்டணம், அதுவும் பவுணிலோ டொலரிலோ, சோதனைக் கட்டணம், ஒரு பாடம் தவறினால் திரும்ப எழுதும் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம். 'கட்டணங்கள் மாற்றத்துக்குட்பட்டவை' என்ற வரியும் அங்கேதான் கிடக்கும்.

அந்த டொலர் வரியைச் சிவப்புப் பேனையால் கோடிடுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் சுமாரில் நின்றது, மே மாதத்தில் 360 ரூபாய் சுமாருக்கு ஏறிவிட்டது. 5,000 டொலர் கட்டணம் 10 லட்சத்திலிருந்து 18 லட்சமானது. பிள்ளை எந்தப் பாடத்திலும் தவறவில்லை, நிறுவனமும் கட்டணத்தைக் கூட்டவில்லை. ஆனாலும் 8 லட்சம் கூடுதலாகத் தேட வேண்டியிருந்தது. வெளிநாட்டு நாணயத்தில் வரும் தொகையை இன்றைய விலையில் கணக்கிட்டு, அதன்மேல் மூன்றில் ஒரு பங்காவது கூட்டி எழுதுங்கள்.

மே 2, வெள்ளி

கொப்பியில் ஒரு பக்கம் எடுத்து, ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு வரி எழுதுங்கள். எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் திகதிக்கு, அந்தக் காசு எங்கிருந்து வரும். மூன்றாவது நிரலில் 'பார்ப்பம்' என்று எழுத இடமில்லை.

முதல் இரண்டு வரிகள் எல்லா வீட்டிலும் நிரம்பும். நகை அடகு, சீட்டு, கனடாவிலிருந்து பெரியப்பா. ஐந்தாம் ஆறாம் வரிகளில்தான் பேனை நிற்கும். பெரியப்பா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் மூன்றாம் வருஷம் அவருடைய பிள்ளையும் படிக்கப் போகும். பாதியில் நின்ற படிப்புக்குப் பட்டமும் இல்லை, கட்டிய காசும் இல்லை. அதனால் இந்தப் பக்கத்தைக் கடைசி வரியிலிருந்து நிரப்புங்கள்.

வங்கிக் கடன் என்றால் இப்படிப் பாருங்கள்: 20 லட்சம், 14 சதவீத வட்டி, 5 வருஷம். மாதம் 46,500 ரூபாய் சுமார், மொத்தம் 27 லட்சத்து 90 ஆயிரத்துக்குக் கிட்ட. தவணை படிக்கும்போதே தொடங்குமா, படித்து முடிந்த பிறகா என்று கேளுங்கள். படித்து முடிந்த பிறகு தொடங்கினாலும் வட்டி இடையில் ஏறிக்கொண்டிருக்கலாம். அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன் வேறு. அது தெரிவுசெய்யப்பட்ட நிறுவனங்களின் தெரிவுசெய்யப்பட்ட பாடநெறிகளுக்கு மட்டும்தான், ஆகவே நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் போதாது, உங்கள் பாடநெறியும் இருக்க வேண்டும்.

மே 5, திங்கள்

அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. செலவே இல்லை என்று அதற்குப் பொருளில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்றால் வீட்டிலிருந்து சைக்கிளில் போகலாம் என்று நினைத்துத் தெரிவை நிரப்புகிறவர்கள் உண்டு. திருநெல்வேலி வளாகத்துக்கு அது சரி. பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் மூன்றும் கிளிநொச்சி அறிவியல்நகரில். ஏ9 வீதியால் தினமும் போய்வந்து ஆய்வுகூட வேலையும் செய்வது உடம்புக்குத் தாங்காது, போடிங் அல்லது விடுதிச் செலவு வரும். பேராதனை, மொறட்டுவைக்கும் அப்படித்தான்.

அரச பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல புலமைப்பரிசில் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், பேர்சரி என்ற உதவித்தொகை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூடியது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். முதல் கொடுப்பனவு பிந்தும், ஆகவே ஆறு மாதத்துச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். குடும்ப வருமானத்தைக் கிராம அலுவலரும் பிரதேச செயலகமும் உறுதிப்படுத்த வேண்டியிருக்கும், அந்த அலைச்சலைக் கடைசி நாளுக்கு விட வேண்டாம்.

மே 9, வெள்ளி

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தெரிவுகளை எந்த ஒழுங்கில் போடுவது என்றே கூடுதலாகக் கேட்கிறார்கள். பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்ததுதான் ஒரு யூனிகோட், அதாவது விண்ணப்பத்தில் நிரப்பும் தெரிவு இலக்கம். போன வருஷ வெட்டுப்புள்ளியைப் பார்த்து ஒழுங்கை மாற்றுவது பிழை. உங்கள் புள்ளிக்கு எட்டாததை முதலில் போட்டாலும் அடுத்ததற்கான வாய்ப்பு குறையாது, மேலிருந்து கீழேதான் பார்ப்பார்கள். எது உண்மையில் வேண்டுமோ அதை மேலே போடுங்கள். பிள்ளை எந்த நிலையிலும் படிக்கப் போகாத பாடநெறியைப் பட்டியல் நீளட்டும் என்று போட வேண்டாம், அது கிடைத்துவிட்டால் வீட்டில் பெரிய சங்கடம்.

இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, மிச்சம் 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஆகவே கொழும்பு நண்பனின் வெட்டுப்புள்ளியை வைத்துக் கவலைப்பட வேண்டாம், வெட்டுப்புள்ளி அட்டவணையில் யாழ்ப்பாண மாவட்ட நிரலைப் பாருங்கள். உளச்சார்புப் பரீட்சை உள்ள பாடநெறிகளுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும்.

மே 13, செவ்வாய்

கட்டணம் கூடிய தனியார் இடத்துக்கே போகலாமா? விரும்பிய பாடநெறி அரசில் கிடைக்கப் போவதில்லை, கொப்பியின் எல்லா வரியும் நிரம்பிவிட்டது, பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறது என்றால் போகலாம். அங்கீகாரத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் நீங்களே பாருங்கள், முகவரின் சொல் போதாது. மருத்துவத்துக்கு வெளிநாடு போனால் திரும்பிவந்து இலங்கை மருத்துவச் சபையின் பதிவுக்கான பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும், அதற்கான காலமும் செலவும் கணக்கில் வரவேண்டும்.

அரசு, தனியார் இரண்டுக்கும் நடுவில் வழிகள் உண்டு. கொக்குவிலில் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம், குருநகரில் உயர் தொழில்நுட்ப நிறுவகத்தின் டிப்ளோமாக்கள், கொழும்பு, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டங்கள். கணினிப் படிப்புக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் அறை எடுத்து, தனியார் நிறுவனம் உள்ள மாலபேக்குத் தினமும் போய்வரும் செலவோடு இவற்றை ஒரு தரம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிவாரிப் பட்டத்தில் பிழை நேரும் இடம், தானாகப் படிக்காத பிள்ளை முதல் வருஷத்திலேயே தேங்கிவிடுவது. வாரத்தில் நாலு நாள் கூடிப் படிக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் தேக்கம் குறைகிறது.

அரச பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வந்ததும் அனுமதிக் கைந்நூல், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் ஒரே கோவையில் வையுங்கள். ஒன்லைனில் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே நிரப்புங்கள். அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதி ஒன்றைப் பிள்ளையிடமும் இன்னொன்றை வீட்டிலும் வையுங்கள்.