ஏணி போட்டு ஏறும் வீடு

நாங்கள் குடியிருக்கும் படகைக் கரையேற்றி இன்றோடு ஒன்பது நாள். மலேசியாவின் லங்காவிக்குப் பக்கத்தில் ரெபாக் தீவில், இரும்பு முட்டுகளின் மேல் நிற்கிறது எங்கள் வீடு. ஏணியில் பத்துப் படி ஏறினால்தான் சமையலறை. பாத்திரம் கழுவிய தண்ணீரையும் வாளியில் பிடித்துக் கீழே கொண்டுபோக வேண்டும்.

படகின் அடியில் ஒட்டி வளர்ந்த கொட்டலசு என்ற ஓடுள்ள சிறு கடலுயிர்களைச் சுரண்டி முடித்தாயிற்று. அடிப்பாகத்துப் பழைய பெயின்டில் செம்பு இருக்கிறது, அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. அதனால் தண்ணீர் விட்டு விட்டுத்தான் தேய்த்தோம். ப்ரொப்பெல்லர் தண்டில் மாட்டிய துத்தநாகக் கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தது. நல்லதுதான், ப்ரொப்பெல்லரை அரிக்க வேண்டிய உப்புநீர் அதை அரித்திருக்கிறது.

நேற்றுதான் மனம் பதறியது. கழிவறைக்குக் கடல்நீர் வரும் வால்வில், ஹோஸ் மாட்டும் குழாய் முனையைக் கத்தியால் லேசாகச் சுரண்டினேன். உள்ளே மஞ்சள் இல்லை, வெளிறிய ரோஸ் நிறம். பித்தளையிலிருந்த துத்தநாகம் போய், வலுவில்லாத செம்பு மட்டும் மிச்சம். ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டியதும் பிஸ்கட் போல உடைந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் முனை அது! நடுக்கடலில் உடைந்திருந்தால்?

கணவர் அந்தத் துண்டைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “சரி, படகில் இந்த மாதிரி இருக்கும் ஐந்தையும் மாற்றிடலாம்” என்றார். இந்த முறை பித்தளை வேண்டாம், வெண்கலம்தான். சாமான் வந்து சேரும்வரை படகு தண்ணீரில் இறங்காது.